படகுத்துறைப் பக்கத்துக் குழாய்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் ஒரு பாத்திரம் அடுப்புக் கரியோடு வாசலில் கிடந்தால், அந்த வீட்டுப் பெண்களைப் பற்றி அன்று சாயங்காலமே தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேச்சு வந்துவிடும். விறகு அடுப்பில் வைத்த சட்டி கறுக்கத்தான் செய்யும். கறுத்த சட்டியைக் கறுப்பாகவே மறுநாள் அடுப்பில் ஏற்றுகிறவள் சோம்பேறி என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். அதனால் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கிய கையோடு பெண்கள் பீலிக்கரையில் குந்திக்கொண்டு, சாம்பலும் தேங்காய் நாருமாகத் தோள் வலிக்கத் தேய்ப்பார்கள். தேய்த்ததை வாசல் கட்டின்மேல் வரிசையாகக் கவிழ்த்து வைப்பார்கள். வெயிலில் அவை மின்ன வேண்டும். எங்கள் பக்கம் வெயில் வருவதே அபூர்வம் என்பது வேறு விஷயம்.

எட்டு வயதில் அந்தப் பீலிக்கரையில் எனக்கென்று ஒரு மரியாதை இருந்தது. என் கை மெலிந்த கை. அம்மாவின் கை நுழையாத செம்புக்குள்ளும், வாய் குறுகிய தூக்குவாளிக்குள்ளும் என் கை வளையல் மாட்டுவதுபோல நழுவிப் போய்வரும். பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் செம்புகளை என்னிடம் நீட்டுவார்கள். நான் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுத் தேய்த்துக் கொடுப்பேன். மற்றபடி நான் எதிலும் கெட்டிக்காரி இல்லை. கணக்கில் முட்டை, ஓட்டத்தில் கடைசி. தேய்ப்பதில் மட்டும் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்ற கர்வம் இருந்தது. அந்தக் கர்வம்தான் ஒரு விமானத்தைப் பறக்கவிடாமல் கட்டிப்போட்டது.

எங்கள் தோட்டம் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கிறது. கீழே கரையோரம் ஒரு ஹோட்டல் இருந்தது. அங்கே வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு நீர்வீழ்ச்சிகளை மேலிருந்து காட்ட ஒரு சின்ன விமானம் வைத்திருந்தார்கள். இரண்டு பேர்தான் உட்காரலாம். சக்கரத்துக்குப் பதில் படகு மாதிரி இரண்டு மிதவைகள். அதை ஓட்டியவர் ஓய்வுபெற்ற விமானி, கண்டிப் பக்கத்துச் சிங்களவர். நாங்கள் அவரைச் சிங்கள வழக்கப்படி மாத்தயா, அதாவது ஐயா, என்போம். என் அத்தை மட்டும் இங்கிலீஷில் சேர் என்பாள்.

அத்தை அப்பாவின் தங்கை. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்ததால் வீட்டில் அம்மாவும் அத்தையும் நானும்தான். அத்தைக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஹட்டனில் மோட்டார் மெக்கானிக் வகுப்பில் முப்பது பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து படித்து, சான்றிதழும் வாங்கிவிட்டாள். சான்றிதழைப் பார்த்த கராஜ்காரர்கள் எல்லாரும் ரொம்ப மரியாதையாகப் பேசி அனுப்பிவைத்தார்கள். கடைசியில் ஹோட்டலில் விமானத்தைக் கழுவுகிற வேலை கிடைத்தது. கழுவத்தான் போனாள். ஆறு மாதத்தில் எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று மாத்தயா கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டுகிற ஆளாகிவிட்டாள்.

மாத்தயாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. கொழும்பில் விமான என்ஜின் வேலை பழக்குகிற ஓர் இடம் இருக்கிறது, தெரிந்தவர் ஒருவர் கடிதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள், மழைக்காலத்துக்காக விமானத்தை நிறுத்துகிறபோது அந்தக் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்தபடி அந்தக் கடிதத்துக்குத்தான் மரியாதை. விண்ணப்பப் படிவத்தை அத்தை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். உறவுக்காரர்கள் வந்து, தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் பேரைப் பதிந்து கொழுந்து எடுக்கப் போகட்டும், இல்லாவிட்டால் கல்யாணத்தையாவது பண்ணுங்கள் என்று அம்மாவிடம் சொல்லும்போதெல்லாம் அத்தை உள்ளேயிருந்து ஒரே பதில்தான் சொல்வாள்.

"கடிதம் வரட்டும்."

பள்ளிக்கூடம் விட்டால் வீட்டில் யாரும் இல்லை. அம்மா மலையிலிருந்து வர ஐந்து மணியாகும். அதனால் நான் ஏரிக்கரைக்கு நடந்துபோய் அத்தையோடு இருந்துவிட்டுச் சாயங்காலம் அவளோடு வீடு திரும்புவேன். ஹோட்டல் சட்டப்படி பிள்ளைகள் அங்கே வரக் கூடாது. மாத்தயாதான் கண்டும் காணாமல் விட்டார். ஆனால் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். கரையில் சாமான் அறை, அதற்கு முன்னால் ஒரு சிவப்புக் கயிறு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் பலகைப் படகுத்துறை. நான் கயிற்றைத் தாண்டவே கூடாது. விமானத்தின் மூக்கில் இருக்கிற காத்தாடி ஆளை இரண்டாக்கிவிடும் என்றார். அத்தை அவரிடம், "தாண்ட மாட்டா சேர், அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லித்தான் என்னை அங்கே உட்கார வைத்தாள்.

நானும் ஒரு மாதம் கயிற்றைத் தாண்டவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு விஷயம் பொறுக்க முடியாமல் போனது.

விமானத்தின் மூக்குக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு புகைக்குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். விமானத்தை எப்போதும் இடது பக்கம் துறையோடு ஒட்டி நிற்கிற மாதிரிதான் கட்டுவார்கள், ஏறுகிற கதவு அந்தப் பக்கம் இருந்ததால். ஆகவே இடது குழாய் எனக்கு நேரே தெரியும். அது கன்னங்கரேல் என்றிருந்தது. அத்தை மத்தியானம் முழுக்க அந்த விமானத்தைத் துடைப்பாள். கண்ணாடியைத் துடைப்பாள், இறக்கையைத் துடைப்பாள், மிதவையில் ஒட்டிய பாசியை நகத்தால் சுரண்டுவாள். குழாயை மட்டும் தொடவே மாட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கழுவுகிற வேலைக்காரிக்குக் கை இல்லையா என்று கேட்க மாட்டார்களா? அப்புறம் கடிதம் எப்படி வரும்?

தினமும் நான்கு மணிக்கு அத்தை அழுக்குத் துணிகளையும் மாத்தயாவின் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்கு மேலே போவாள். மாத்தயாவும் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார். மத்தியானத்துக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கிவிடும் என்பதால் விமானம் காலையில் மட்டும்தான் பறக்கும். நான்கு மணிக்குக் குழாய் சில்லென்று ஆறிக் கிடக்கும். ஒரு நாள் வீட்டிலிருந்து புத்தகப் பைக்குள் ஒரு பொட்டலம் சாம்பலும் ஒரு பிடி தேங்காய் நாரும் கொண்டுபோனேன். அத்தை மேலே போனதும் கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைந்தேன். அவளுடைய வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றேன். காத்தாடியின் ஓர் இலை என் தலைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

முதல் நாள் பாதிக் கரிதான் போனது. அது அடுப்புக் கரி மாதிரி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் விடுகிறவள் இல்லை. இரண்டாம் நாள் மூன்றாம் நாள் என்று போய், வெளிப்பக்கத்தை முடித்துவிட்டுக் கையை உள்ளே விட்டேன். செம்புக்குள் போகிற மாதிரியே போனது. மணிக்கட்டைத் தாண்டி, கை போகிற மட்டும் தேய்த்தேன். வேலை முடிந்ததும் நாரை ஒளித்துவிட்டு, ஏரித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து வாய்ப்பாடு படிக்கிற மாதிரி உட்கார்ந்துவிடுவேன். யாரிடமும் சொல்லவில்லை. அவர்களாகவே பார்த்து அசந்துபோக வேண்டும் என்பது என் திட்டம்.

அசந்துதான் போனார்கள்.

மாத்தயாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் என்ஜினைக் கிளப்புமுன் இரண்டு குழாய்களின் வாய்க்குள்ளும் விரலை விட்டு, ஒட்டுகிற கரியைப் பார்ப்பார், காய்ச்சல்காரனின் நாக்கைப் பார்க்கிற வைத்தியர் மாதிரி. இடது குழாய் படகுத்துறையிலிருந்தே கைக்கு எட்டும். வலது குழாய்க்கு மிதவைமேல் இறங்கி, கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போக வேண்டும். அதைத் தொடுவதற்கென்று அவர் தினமும் அந்தச் சர்க்கஸைச் செய்வார். அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, நான் கயிற்றுக்குப் பின்னால் இருந்தேன். அவர் வலது விரலைப் பார்த்தார், இடது விரலைப் பார்த்தார். அத்தையைக் கூப்பிட்டார்.

அவர் பேசியது சிங்களம். கடைக்குப் போய் சீனி வாங்குகிற அளவுக்கு எனக்கும் சிங்களம் தெரியும். ஒரு பக்கம் கறுப்பாக இருக்கிறது, ஒரு பக்கம் சுத்தமாக இருக்கிறது, இது சரியில்லை என்றார். சரியாகத்தான் புரிந்துகொண்டேன். நியாயமான பேச்சு என்றும் பட்டது. ஒரு பக்கத்தைத் தேய்த்துவிட்டு மறுபக்கத்தை விட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? என் அம்மாவும் அதைத்தான் சொல்வாள்.

அவர் உண்மையில் எதற்குப் பயந்தார் என்பதை அத்தை அன்று சாயங்காலம் அம்மாவுக்கு விளக்கியபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த என்ஜினுக்கு நான்கு சிலிண்டர், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. பெட்ரோலை அளந்து விடுகிற காபரேட்டர் பக்கத்துக்கு ஒன்று, புகைக்குழாய் பக்கத்துக்கு ஒன்று. கரி நிறைய இருந்தால் அந்தப் பக்கத்துக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று அர்த்தம். கரியே இல்லாமல் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கூடினால் புகைவிடும், அவ்வளவுதான். போதாவிட்டால் சூடேறி உள்ளே உருகிவிடும். ஆகாயத்தில் அப்படி நின்றுபோனால் இறங்குவதற்குச் சுற்றிலும் மலையும் தேயிலையும்தான். அதனால் காரணம் தெரிகிறவரைக்கும் விமானம் பறக்காது. கொழும்பிலிருந்து மெக்கானிக் ஒருவர் புதன்கிழமை வருகிறார்.

"அதுக்கு நீ ஏன் புள்ள சோறு திங்காம இருக்க?" என்று அம்மா கேட்டாள்.

"காபரேட்டர் ஸ்க்ரூல கைய வச்சியான்னு கேட்டாரு அண்ணி. எல்லாருக்கும் முன்னால கேட்டாரு."

அத்தை அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக்கூடப் புரிந்திருக்கும். கை வைத்தது தான் இல்லை என்று காட்ட வேண்டும், புதன்கிழமைக்குள் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் மட்டுமில்லை, கழுவுகிற வேலையும் போய்விடும் என்றாள். என் கணக்குக் கொப்பியிலிருந்து கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கிழித்து, நடுவே ஒரு கோடு இழுத்து, இடது வலது என்று எழுதினாள்.

ஆனால் நானும் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். வலது குழாயையும் தேய்த்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையும் அத்தை விமானத்திடமே கிடந்தாள். மாத்தயா அனுமதி கொடுத்திருந்தார், ஆனால் கழற்றுவதையெல்லாம் அவர் கண்முன்னால்தான் கழற்ற வேண்டும். முதலில் பிளக்குகளை எடுத்தாள். பலகையில் வரிசையாக வைத்தாள், இடது பக்கத்தவை இங்கே, வலது பக்கத்தவை அங்கே. எல்லாம் ஒரே நிறம், வறுத்த மல்லி நிறம். ஒரு பக்கம் பெட்ரோல் போதவில்லை என்றால் அந்தப் பக்கத்துப் பிளக் வெளுத்திருக்க வேண்டும். வெளுக்கவில்லை. அத்தை நிமிர்ந்து, உள்ளே எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கிறது சேர் என்றாள். அவர் குழாயைக் காட்டினார். உள்ளே ஒன்றென்றால் வெளியே ஏன் இரண்டு என்று கேட்டார். இடது பிளக்குகளை வலது பக்கத்துக்கும் வலதை இடது பக்கத்துக்கும் மாற்றிப் போட்டு, விமானத்தைக் கட்டிவைத்தபடியே என்ஜினைப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தார்கள்.

நான்கு மணிக்கு அவர்கள் மேலே போனதும் நான் என் வேலையைத் தொடங்கினேன். வலது குழாய் தண்ணீருக்கு மேலே இருந்தது. மாத்தயா போகிற மாதிரி மிதவையில் இறங்கிப் பார்த்தேன். மிதவை வழுக்கியது, விமானம் ஆடியது, ஒரு செருப்பு தண்ணீரில் விழுந்தது. செருப்பை எடுக்கவே தரை கூட்டுகிற தும்புத்தடி தேவைப்பட்டது. அதே தடி நுனியில் நாரைச் சுருட்டி வைத்து எட்டித் தேய்த்துப் பார்த்தேன். நார் ஏரிக்குள் போனதுதான் மிச்சம். அந்தப் பக்கம் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. வந்த ஆத்திரத்தில் இருந்த நாரை எல்லாம் எடுத்து இடது குழாயை, காலையில் படிந்த புதுக் கரியையும் சேர்த்து, வெள்ளிச் செம்பு மாதிரி ஆக்கிவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

திங்கட்கிழமை அது முந்திய நாளைவிட வெளுத்திருந்தது. மாத்தயாவின் முகம் இறுகிவிட்டது. அத்தை காற்று வடிகட்டிகளைக் கழற்றிக் கழுவினாள், பெட்ரோல் குழாய்களை ஊதிப் பார்த்தாள், இரண்டு காபரேட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருகு திருகாக ஒப்பிட்டாள். ஒரு மயிரிழை வித்தியாசமும் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டில் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது அவள் அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"என்ஜின் ஓடி நின்னதும் பாத்தேன் அண்ணி, அந்தக் குழாய்லயும் மெல்லிசா கரி இருந்திச்சி. காலையில போனா இல்ல. கரியத் திரும்ப முழுங்குற என்ஜின நான் எங்கயும் படிக்கல."

அம்மா உச்சுக்கொட்டினாள். நான் இன்னொரு ரொட்டி கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவள் பேசியதற்கும் என் சாம்பல் பொட்டலத்துக்கும் ஒரு சம்பந்தமும் தெரியவில்லை. அவள் ஏதோ பெரிய நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டுப் போனபோது மாத்தயா இல்லை, ஏதோ வேலையாகக் கண்டிக்குப் போயிருந்தார். என்ஜினைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்ததால் அத்தை அதைத் தொடவில்லை. படகுத்துறைப் பலகையில் மல்லாந்து படுத்து இடது குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைத் தூறல் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு எழுந்து, ஒரு நீளக் குச்சியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, குழாய்க்குள் மெதுவாக விட்டு எடுத்தாள். துணி வெள்ளையாகவே வந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டாள். அப்போதும் வெள்ளை. இன்னும் உள்ளே விட்டபோது துணி கறுப்பாக வந்தது, கறுப்பென்றால் வலது குழாயின் அதே கறுப்பு.

குச்சியில் அந்த இடத்தை நகத்தால் கீறி அடையாளம் பண்ணினாள். குழாயின் உள்ளே அந்த இடம்வரைக்கும் கரி இல்லை, அதற்கு மேல் கத்தியால் வெட்டினாற்போலக் கரி தொடங்குகிறது. எந்த என்ஜினும் அப்படிச் செய்யாது. மறுபடி துணியைப் பார்த்தாள். அதில் ஒரு தேங்காய் நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

அத்தை அந்த நாரை இரண்டு விரலில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"இங்க வாடி."

நான் கயிற்றருகே போனேன். அவள் குச்சியை என் கையோடு சேர்த்து வைத்தாள். என் நடுவிரல் நுனி குச்சியின் முனையில் இருந்தது. நகக் கீறல் முழங்கைக்கு மூன்று விரல் கீழே இருந்தது, கை தடித்துப்போய் அதற்குமேல் குழாய்க்குள் நுழையாத அதே இடத்தில். கடைசியில் பார்த்துவிட்டார்கள் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நல்லா தேச்சிருக்கேனா அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை சிரித்தாள். நாலு நாள் சிரிக்காதவள், பலகையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ஜினில் ஒரு குறையும் இல்லை, அவள் சொன்னதுதான் சரி, உள்ளே எல்லாம் ஒன்றுதான். சிரித்துக்கொண்டே, எதன்மேல் ஏறி நின்றாய் என்று கேட்டாள். நான் வாளியைக் காட்டினேன். எங்கே கவிழ்த்து வைத்தேன் என்பதையும் விரலால் காட்டினேன். அவள் வாளியைப் பார்த்தாள், அதற்கு மேலிருந்த காத்தாடியைப் பார்த்தாள், கீழே தண்ணீரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. என்னைக் கயிற்றுக்கு மேலாக இழுத்து வைத்து அணைத்துக்கொண்டாள். என் உழைப்பை நினைத்து உருகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகிற வழியில், நாளைக்கு யாரும் எதுவும் கேட்டால் வாயைத் திறக்காதே என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, சொன்னதைச் செய் என்று வேகமாக நடந்தாள்.

புதன்கிழமை மத்தியானத்துக்குப் பிறகுதான் கொழும்பு மெக்கானிக் வந்து சேர்ந்தார். வெள்ளைத் தலை, கறுப்பு நகம், அதிகம் பேசாத மனிதர். பாணத்துறைப் பக்கத்துத் தமிழர் என்று பிறகு தெரிந்தது. அத்தை அவருக்கு முன்னால் பிளக்குகளை வரிசையாக வைத்தாள். குச்சியையும் துணியையும் காட்டி, எந்த நாள் என்ன மாற்றினாள், என்ன நடந்தது என்று கட்டத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் கொஞ்சமும் ஆடவில்லை. அவர் டோர்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்தார், பிளக்குகளைப் பார்த்தார், என்ஜினை ஓட்டவைத்துக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு மாத்தயாவிடம், என்ஜின் கல் மாதிரி இருக்கிறது, நாளைக்கே பறக்கலாம், இந்தப் பெண் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாள் என்றார். மாத்தயா அத்தையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கயிற்றுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். கடிதம் வந்துவிட்டது என்றே அப்போது நினைத்தேன்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "சரி, தேச்சது யாரு?"

வகுப்பில் தெரிந்த கேள்வி வந்தால் தூக்குகிற மாதிரி நான் கையைத் தூக்கினேன். பாதிதான் தூக்கியிருப்பேன். கயிற்றோரம் நின்ற அத்தை ஒரு அடி பின்னால் வைத்து, முதுகுப் பக்கமாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். விரல் எலும்பு வலிக்கிற அளவுக்கு அழுத்தினாள்.

"நான்தாங்க," என்றாள். "பளிச்சுன்னு இருக்கட்டும்னு தேச்சேன்."

குழாய் இன்னும் சூடாக இருந்ததால், மெக்கானிக் தன் கையை அதன் வாய்க்கு நேரே பிடித்துப் பார்த்தார். மூன்று விரலுக்கு மேல் நுழையாது. அத்தையின் கையைப் பார்த்தார், ஸ்பேனர் பிடித்துக் கணு தடித்த கை. அவள் அவசரமாக, குச்சியில் நாரைக் கட்டித் தேய்த்தேன் என்றாள். மாத்தயாவின் முகத்தில் இப்போது அந்தச் சிரிப்பு இல்லை. வேலைக்கு வந்த முதல் நாளே அவர் அவளுக்குச் சொல்லியிருந்தாராம், எதை வேண்டுமானாலும் துடை, குழாயின் கரியை மட்டும் துடைக்காதே, காலையில் நான் அதைப் படிக்க வேண்டும் என்று.

மெக்கானிக் கோபப்படவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "பாருங்க தங்கச்சி, அது பேசுறத நீங்களே அழிச்சிட்டா, பிறகு யாருகிட்ட போய்க் கேக்கிறது? தேடத் தெரியுது உங்களுக்கு. ஆனா தொடக் கூடாதத தொடுற கைய என்ஜின் கிட்ட விடேலாது."

அத்தை தலையைக் குனிந்து, சரிங்க என்றாள். என் கையை அப்போதும் விடவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சாம்பல் கொண்டுபோனது நான். செருப்பை நனைத்தது நான். ஒரு வாரம் தோள் வலிக்கத் தேய்த்தது நான். கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து யார் செய்தது என்று கேட்கிறபோது, ஒரு நாள்கூட அந்தக் குழாயைத் தொடாத அத்தை நான்தான் என்று சொல்லிப் பேரைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் திட்டியதுகூட எனக்குத் திட்டாகப் படவில்லை. அவள் செய்த திருட்டுக்குக் கிடைத்ததாகவே பட்டது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அத்தை மறுக்கவில்லை. "ஆமா அண்ணி, அவதான் தேச்சா. தங்கம் மாதிரி தேச்சா. ஆனா கயித்தத் தாண்ட மாட்டான்னு பொறுப்பு ஏத்தது நான்தானே" என்றாள். அம்மா என் முதுகில் நான்கு வைத்தாள், கயிற்றைத் தாண்டியதற்கு. அதையும் அத்தையின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அத்தையோடு பேசவில்லை. அவள் தலை சீவ வந்தால் எழுந்துபோனேன். கடையிலிருந்து வாங்கி வந்த பிஸ்கட்டை அவள் நீட்டியபோது, பசித்தும் வாங்கவில்லை. எட்டு வயதுக்காரி பிடித்த பிடிவாதம் பதினோரு நாள் நின்றது.

மறுநாளே விமானம் பறந்தது. மழைக்காலம் வந்து அதை நிறுத்தினார்கள். அத்தை கடைசி நாள்வரை கண்ணாடியும் இறக்கையும் துடைத்தாள். ஸ்பேனர் நீட்டக் கொழும்பிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். மாத்தயா அவளுக்கு ஒரு குடையும் ஒரு பெட்டி கேக்கும் கொடுத்து வழியனுப்பினார். கடிதம் கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. தகரப் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துப் படிவத்தை வெளியே போட்டுவிட்டு, அந்த உறையில் தன் சான்றிதழை வைத்துக்கொண்டு, ஹட்டனில் மறுபடி ஒவ்வொரு கராஜாக ஏறி இறங்கக் கிளம்பினாள். ஏழாவதில் ஓர் ஆட்டோக் கராஜ்காரர் சேர்த்துக்கொண்டார். இன்றைக்கு அந்தக் கராஜ் அவளுடையது. அது அவள் சாமர்த்தியம், அதில் எனக்கு ஒரு பங்கும் கிடையாது.

என் பங்கு வேறு. அந்த மழைக்காலம் முழுக்க லயத்துப் பெண்கள் பீலிக்கரையில், ஏன் உங்கள் அத்தைக்குக் கடிதம் வரவில்லை என்று என்னிடம் கேட்டார்கள். நான் செம்புக்குள் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன், அத்தை ஒரு பொய் சொன்னாள், அதனால்தான் வரவில்லை என்று. சாமி கொடுத்த தண்டனை என்ற நிம்மதியோடு சொன்னேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.